பிஎஸ்ஏ 6.4 வந்திருக்கு: ரத்தத்தை வச்சு புராஸ்டேட் கேன்சரை எவ்வளவு தூரம் கணிக்க முடியும்?

தேரடி செல்வம்

வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு. கம்பெனி இன்ஷூரன்ஸ்ல பெற்றோருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் உண்டுன்னு கூட்டிட்டுப் போனேன். சுகர், கொழுப்பு எல்லாம் பரவாயில்ல. கடைசிப் பக்கத்துல பிஎஸ்ஏன்னு புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை, 6.4, பக்கத்துலயே தடிச்ச எழுத்துல 'ஹெச்', அதாவது ஹை. நார்மல் 0 முதல் 4 வரைன்னு போட்டிருக்கு. மறுநாள் காலையிலயே அந்த லேப்ல இருந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி, "கேன்சர் ரிஸ்க் பேனல் ஒண்ணு இருக்கு சார், இந்த வாரம் ஆஃபர்"ங்குது. அப்பாகிட்ட இன்னும் எதுவும் சொல்லல.

6.4னா கேன்சர்னு அர்த்தமா? நேரா பயாப்ஸிக்கு (ஊசியால சதைத் துண்டு எடுத்துப் பார்க்கிறதாமே) போகணுமா? இல்ல இதைவிடத் தெளிவாச் சொல்ற வேற ரத்தப் பரிசோதனை இருக்கா?

ராத்திரி மூணு நாலு தடவை எந்திரிப்பார், அது ரொம்ப வருஷமா உண்டு. செக்கப்புக்குக் கொஞ்ச நாள் முன்னாடி காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்து மாத்திரை கோர்ஸ் முடிச்சார். சம்பந்தம் இருக்கான்னு தெரியல, சொல்லி வைக்கிறேன்.

மலைக்கோட்டை

தள்ளிப் போடாதீங்க ப்ரோ. உடனே பயாப்ஸி எடுத்துடுங்க. எங்க பெரியப்பாவுக்கு இடுப்பு வலின்னு போய்ப் பார்த்தப்போ எலும்புல பரவியிருந்துச்சு.

ஆய்வகவாசி

செல்வம், பயாப்ஸி பேச்செல்லாம் அப்புறம். நான் லேப்ல வேலை பார்க்கிறவன், என் பக்கத்துல இருந்து சில கேள்விகள்.

நீர்க்கடுப்பு வந்து எத்தனை வாரம் ஆச்சு? யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீர்ல கிருமி வளருதான்னு, பார்த்தாங்களா? ரத்தம் கொடுக்குறதுக்கு முந்தின ரெண்டு நாள்ல சைக்கிள் ஓட்டினாரா, தாம்பத்தியம் உண்டா (சங்கடமான கேள்விதான், ஆனா ரெண்டுமே எண்ணைக் கொஞ்சம் ஏத்தும்)? முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது? அதிக டோஸ் பயோட்டின் சில மெஷின்கள்ல பிஎஸ்ஏவை இருக்கிறதைவிடக் கம்மியாக் காட்டும். ஏறினதுக்குக் காரணம் தேடுறோம், சரி, இறங்கினதுக்கும் காரணம் உண்டு.

இன்னொண்ணு. மறுபடி எடுத்தா அதே லேப்ல, அதே மெஷின்ல எடுங்க. பிஎஸ்ஏ கிட்டுக்கு ரெண்டு விதமான அளவுத்திட்டம் புழக்கத்துல இருக்கு, ஒரே ரத்தத்துக்கு 20-25 சதவீதம் வரைக்கும் வித்தியாசம் வரலாம். இங்க 4.0ன்னு வந்தது அங்க 3.2ன்னு வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு "குறைஞ்சிருச்சு"ன்னு சந்தோஷப்படறவங்களைத் தினமும் பார்க்கிறேன்.

கத்திக்காரன்

யூராலஜி என் தொழில். இணையத்துல யாருக்கும் வைத்தியம் பார்க்க மாட்டேன், ஆனா பொதுவா சொல்ல முடியும்.

பிஎஸ்ஏங்கிறது ஆம்பளைங்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கிற ஒரு நொதி. உறைஞ்சிருக்கிற விந்தை நீர்க்க வைக்கிறதுதான் அதோட வேலை. நல்ல செல்லும் அதைச் சுரக்கும், கெட்ட செல்லும் சுரக்கும். சுரப்பியோட உள்கட்டுமானம் குலைஞ்சா அது ரத்தத்துக்குள்ள கசியுது, அவ்வளவுதான். கிருமி குலைச்சாலும் கசியும், வயசுக்கு வீங்கினாலும் கசியும், கதீட்டர் போட்டாலும் கசியும். கேன்சர் குலைச்சாலும் கசியும். அது புராஸ்டேட்டுக்கான குறியீடு, கேன்சருக்கான குறியீடு இல்ல. மேலை நாட்டுக் கணக்குப்படி 4 முதல் 10 வரைக்கும் வந்தவங்களுக்கு பயாப்ஸி செஞ்சா நாலுல ஒருத்தருக்குத்தான் கேன்சர் இருக்கும்.

உங்க அப்பாவுக்கு நீர்த்தாரைத் தொற்று வந்திருக்கு. அது ஆறின பிறகு ஆறு வாரமாவது விட்டுத்தான் மறுபடி எடுக்கணும். அதுக்குள்ள எடுக்கிற எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்ல. அறிகுறியே இல்லாதவங்களுக்கு "ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்போம், பிஎஸ்ஏ இறங்குதான்னு" ஒரு பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. அதைச் செய்யாதீங்க. தானாவே ஏறி இறங்குற எண் அது, மாத்திரைக்குத்தான் இறங்குச்சுன்னு நாம நினைச்சுக்குவோம்.

விரல் பரிசோதனை (மலக்குடல் வழியா விரலால சுரப்பியைத் தொட்டுப் பார்க்கிறது) அவசியம். ரத்தத்தை முதல்ல எடுத்துட்டு அப்புறம் விரல் பரிசோதனைக்குப் போங்க.

மலைக்கோட்டை, உங்க பயம் எனக்குப் புரியுது. முதுகுவலின்னு எலும்பு டாக்டர்கிட்ட அலைஞ்சு, கடைசியில பிஎஸ்ஏ 200க்கு மேலன்னு என்கிட்ட வர்றவங்க நிறைய. 6.4 அந்தக் கதை இல்ல.

சந்தேகப் பிராணி

அந்த "4" எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? 1991ல கேட்டலோனா குழு அமெரிக்காவுல எழுதின கட்டுரையோட பிரபலமாச்சு, 1994ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேன்சரைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையா அனுமதிச்சுது. அதுக்கு முன்னாடி 1986ல கொடுத்த அனுமதி, ஏற்கெனவே கேன்சர் இருக்கிறவங்களைக் கண்காணிக்க மட்டும்தான்.

2004ல தாம்சன் குழு வெளியிட்டதைப் படிங்க. ஃபினாஸ்டரைடுங்கிற புராஸ்டேட் மாத்திரை கேன்சரைத் தடுக்குமான்னு பார்த்த ஆய்வு, அதுல மருந்தில்லாத வெத்து மாத்திரை எடுத்த பிரிவு. பிஎஸ்ஏ 4ஐத் தாண்டாதவங்க, அதாவது லேப் கணக்குல "நார்மல்" ஆளுங்க, 2,950 பேருக்கு பயாப்ஸி செஞ்சாங்க. 15.2 சதவீதம் பேருக்குக் கேன்சர். 0.5க்குக் கீழ இருந்தவங்கள்லயே 6.6 சதவீதம். அப்போ கோடு எங்க போடுவீங்க? கோடே கிடையாது.

1970ல புராஸ்டேட் ஆன்டிஜென் பத்தி எழுதின ரிச்சர்ட் ஆப்ளினே பின்னாள்ல இந்தப் பரிசோதனையைக் கூட்டம் கூட்டமாச் செய்யறதைக் கடுமையா எதிர்த்தார். கண்டுபிடிச்சவரே வேண்டாங்கறார், நாம காசு கொடுத்து வாங்குறோம்.

பழைய பேப்பர்

பிராணி, "கண்டுபிடிச்சவர்" பட்டத்தை அவ்வளவு சுலபமாக் கொடுக்காதீங்க. இன்னைக்கு லேப்ல அளக்குற பிஎஸ்ஏவைத் தனியாப் பிரிச்செடுத்தது 1979ல பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க்கில் மிங் சூ குழு. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

4ங்கிற கோடு பிசுபிசுத்துப் போச்சு, ஒத்துக்கறேன். ஆனா "அதனால எண்ணுக்கே மதிப்பில்ல"ங்கிற மாதிரிப் பேசறீங்களே, அங்கதான் எனக்கு உடன்பாடில்ல. ஸ்வீடன்ல மால்மோ நகரத்துல நடந்ததைச் சொல்றேன், எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச ஆய்வு இதுதான்.

1974 முதல் 1986 வரைக்கும் அந்த ஊர் நடுத்தர வயசு ஆம்பளைங்களைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தாங்க. 21,000க்கும் மேல பேர் வந்தாங்க, கூப்பிட்டதுல முக்கால்வாசி. எதுக்குன்னா இதய நோய், சர்க்கரை, இதெல்லாம் பார்க்க. புராஸ்டேட் யார் மனசுலயும் இல்ல. மிச்ச ரத்தத்தைக் குளிர்ல போட்டு வச்சுட்டாங்க. பல வருஷம் கழிச்சு ஹான்ஸ் லில்யா, ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு அதை எடுத்து பிஎஸ்ஏ அளந்தது. ஸ்வீடன்ல யார் எப்போ எந்த நோயில செத்தாங்கன்னு பதிவேடு பக்காவா இருக்கும். அந்தக் காலத்துல அங்க பிஎஸ்ஏ பரிசோதனை செஞ்சு யாருக்கும் முன்கூட்டியே ஆபரேஷனும் செய்யல. அதனால நோய் தன் போக்குல போனா என்ன ஆகும்னு அப்படியே தெரிஞ்சுது. இன்னைக்கு இந்த ஆய்வை யாரும் புதுசா நடத்தவே முடியாது, எண்ணைத் தெரிஞ்சுக்கிட்ட யாரும் சும்மா இருக்க மாட்டாங்க.

2010ல வந்த கட்டுரையில 1921ல பிறந்த 1,167 பேர். 60 வயசுல ரத்தம் கொடுத்தாங்க, 85 வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. 60 வயசுல பிஎஸ்ஏ 1 அல்லது அதுக்குக் கீழ இருந்தவங்க 85 வயசுக்குள்ள புராஸ்டேட் கேன்சர்ல சாகுற வாய்ப்பு 0.2 சதவீதம். மொத்தச் சாவுல 90 சதவீதம், பிஎஸ்ஏ 2க்கு மேல இருந்த உச்சக் கால்வாசிப் பேர்ல இருந்து வந்துச்சு. ஒரே ஒரு சொட்டு ரத்தம், 25 வருஷத்துக்கு முன்னாடி.

தாம்சன் கண்டது நுண்ணோக்கியில தெரியற கேன்சர். மால்மோ கேட்டது ஆளைக் கொல்ற கேன்சர். ரெண்டும் வேற கேள்வி. வயசான ஆம்பளைங்கள்ல நிறையப் பேருக்குச் சின்னதா ஒண்ணு இருக்கத்தான் செய்யும், இருக்குன்னே தெரியாம வேற எதுலயோ போய்ச் சேருவாங்க.

சந்தேகப் பிராணி

அழகான ஆய்வுதான். ஆனா 2க்கு மேல இருந்தவங்கள்லயும் பெரும்பாலானவங்க இந்த நோயில சாகலையே? அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எல்லாரும் வெள்ளைக்கார ஸ்வீடன்காரங்க வேற.

பழைய பேப்பர்

சாகல, உண்மை. அந்த உச்சக் கால்வாசிப் பேர்லயும் இந்த நோயில செத்தவங்க சிறுபான்மைதான். அந்த எண் யாரை நிம்மதியா வீட்டுக்கு அனுப்பலாம்னு சொல்றதுல கெட்டி. யாரைப் பிடிச்சு வைக்கணும்னு சொல்றதுல அரைகுறை.

குரும்பசிட்டியான்

எனக்கும் போன வருசம் 5.1 எண்டு வந்தது. இஞ்ச இங்கிலாந்தில ஐம்பது தாண்டின ஆம்பிளை கேட்டால் ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், எழுதித் தருவார், ஆனா தாங்களாக் கூப்பிட்டுச் செய்யமாட்டினம். நல்லது கெட்டதைக் கதைச்சுப்போட்டுத்தான் இரத்தம் எடுத்தவை.

பிறகு நேர பயாப்ஸி இல்லை, முதல்ல எம்ஆர்ஐ. அதில பைராட்ஸ் எண்டு 1 தொடக்கம் 5 மட்டும் புள்ளி போடுவினம், புள்ளி கூடக் கூடச் சந்தேகமும் கூட. எனக்கு 2. சுரப்பி மட்டும் 70 மில்லி, நல்ல பெரிசு. கன்சல்டன்ட் கல்குலேட்டரை எடுத்து 5.1ஐ 70ஆல வகுத்துக் காட்டினவர், 0.07. "0.15க்கு மேல போனாத்தான் எனக்கு யோசினை, உமக்குப் பெரிய சுரப்பி, அதுக்கு ஏத்த அளவுக்குச் சுரக்குது" எண்டார். பயாப்ஸி செய்யேல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா இரத்தம் குடுக்கிறன், அவ்வளவுதான்.

தேரடி செல்வம்

குரும்பசிட்டியான் அண்ணே, இந்த வகுத்தல் கணக்கை இங்க யாரும் சொல்லவே இல்ல. ரொம்ப நன்றி. அப்போ அந்த ஆஃபர் பேனல் வேணுமா வேண்டாமா? ஃப்ரீ பிஎஸ்ஏ, பிஹெச்ஐ, இன்னும் என்னென்னவோ கேன்சர் மார்க்கர் எல்லாம் சேர்த்து லிஸ்ட் அனுப்பியிருக்காங்க.

ஆய்வகவாசி

லிஸ்ட்டுல சிஇஏ, சிஏ 19-9 எல்லாம் இருந்தா முதல்ல அதை அடிச்சு விடுங்க. அதுங்களுக்கும் புராஸ்டேட்டுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க தொழில்ல பேனலைப் பெருசாக்க இதெல்லாம் சேர்ப்பாங்க, நானே சொல்றேன்.

ஃப்ரீ பிஎஸ்ஏவுக்கு அர்த்தம் உண்டு. ரத்தத்துல பிஎஸ்ஏவோட பெரும்பகுதி வேற புரதத்தோட ஒட்டிக்கிட்டுத் திரியும், மிச்சம் தனியாத் திரியும். கேன்சர் இருந்தா தனியாத் திரியற பங்கு குறையும். 4 முதல் 10க்குள்ள இருக்கிறவங்களுக்கு இந்தப் பங்கு 25 சதவீதத்துக்கு மேல இருந்தா பயாப்ஸியில கேன்சர் தெரியற வாய்ப்பு 8 சதவீதம், 10க்குக் கீழ போனா 56. கேட்டலோனா குழு 1998ல போட்ட கணக்கு.

ஆனா எங்க கொடுக்கிறீங்கன்னு பாருங்க. ரத்தம் எடுத்த ட்யூபை மூணு மணி நேரத்துக்குள்ள சுத்தி சீரத்தைப் பிரிச்சுக் குளிர்ல வைக்கணும். தனியாத் திரியற பிஎஸ்ஏ சீக்கிரம் சிதையும், ஒட்டினது அவ்வளவு சீக்கிரம் சிதையாது. காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து எடுத்துட்டு, டூவீலர் பெட்டிக்குள்ள போட்டு, இன்னும் பன்னெண்டு வீடு சுத்திட்டு மதியம் லேப் போய்ச் சேர்ந்தா, பங்கு குறைஞ்சு தெரியும். இல்லாத பயம் வரும். நேரா லேபுக்குப் போய்க் கொடுங்க, சுத்துற மெஷின் அங்கேயே இருக்கான்னு கேளுங்க.

பழைய பேப்பர்

மத்த பெயர்களையும் சுருக்கமா. பிஹெச்ஐ: தனியாத் திரியறதுலயே ஒரு முதிராத வடிவம் உண்டு, அதை ஃப்ரீ பிஎஸ்ஏவால வகுத்து, மொத்த பிஎஸ்ஏவோட வர்க்கமூலத்தால பெருக்குவாங்க. 2012ல எஃப்டிஏ அனுமதி. 4கே ஸ்கோர்: நாலு கல்லிக்ரீன் புரதங்களோட (பிஎஸ்ஏவும் அந்த இனம்தான்) வயசு, விரல் பரிசோதனை, பழைய பயாப்ஸி உண்டா இல்லையான்னு சேர்த்துக் கணக்குப் போடும். அதுக்கு அடித்தளம் போட்டவர்கள்ல மால்மோ லில்யாவும் ஒருத்தர். ஸ்டாக்ஹோம்3: ஸ்வீடன் கரோலின்ஸ்கா நிறுவனத்துல 2015ல வந்தது, புரதத்தோட மரபணு வேறுபாடுகளையும் சேர்த்துப் பார்க்கும். கடைசி ரெண்டும் "கேன்சர் இருக்கா"ன்னு கேட்கல, "வைத்தியம் பார்க்க வேண்டிய ரகம் இருக்கா"ன்னு கேட்குது. மூணுமே வேண்டாத பயாப்ஸியைக் குறைக்கும். நல்ல எம்ஆர்ஐ கைக்கெட்டுற ஊர்ல இதுக்கெல்லாம் தனியாச் செலவு செய்யணுமாங்கிறது எனக்குச் சந்தேகம்தான்.

கோவைக்காரி

ஆம்பளைங்க எல்லாரும் எண்ணைப் பத்தியே பேசறீங்க. வீட்டுல என்ன ஆகும்னு நான் சொல்றேனுங்க. எங்க வீட்டுக்காரருக்கு 4.8. பயாப்ஸியில கிளீசன் 6 (கேன்சரோட வீரியத்துக்குப் போடற மார்க், 6ன்னா வீரியம் கம்மி), பன்னெண்டு துண்டுல ஒண்ணே ஒண்ணுல. டாக்டர் தெளிவாச் சொன்னார், இதுக்கு இப்போ ஒண்ணும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்னு. சொந்தக்காரங்க விடல. "கேன்சரை உள்ள வச்சுக்கிட்டு யாராவது சும்மா இருப்பாங்களா"ன்னு ஒரே பேச்சு. அவரும் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டார். அப்புறம் சிறுநீர் கசிஞ்சு, கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட மாத்துத்துணி எடுத்துட்டுப் போற நிலைமை. இன்னும் முழுசா சரியாகலைங்க. மத்ததை நான் எழுதல.

பரிசோதனை செய்யுங்க, வேண்டாங்கல. ஆனா "இருக்கு, சும்மா இருங்க"ன்னு பதில் வந்தா சும்மா இருக்க உங்க வீட்டுல தெம்பு இருக்கான்னு முதல்லயே பேசிக்குங்க.

சந்தேகப் பிராணி

அக்கா சொன்னதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சுப் பேசிட்டிருந்தேன். பிஎஸ்ஏ பரிசோதனைக்குக் கூப்பிட்டவங்களையும் கூப்பிடாதவங்களையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு, 1,82,000 பேர். 2009ல முதல் முடிவு: புராஸ்டேட் கேன்சர் சாவு 20 சதவீதம் குறைவு. ஆனா ஒரு சாவைத் தடுக்க 1,410 பேரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, கூடுதலா 48 பேருக்கு வைத்தியம் பார்க்கணும்.

கத்திக்காரன்

அதே ஆய்வோட 23 வருஷக் கணக்கு 2025ல வந்தாச்சு, அதையும் போடுங்க. 456 பேரைக் கூப்பிட்டா, கூடுதலா 12 பேருக்கு நோய்னு கண்டா, ஒரு சாவு குறையுது. இது மெதுவா வளர்ற நோய், பலன் தெரியவும் வருஷக்கணக்காகும். இதே மாதிரி நடந்த அமெரிக்க ஆய்வுல பலன் தெரியலைங்கிறாங்க, ஆனா அங்க "பரிசோதிக்காத" பிரிவுலயும் பெரும்பாலோர் வெளியில போய் எடுத்துக்கிட்டாங்க, எதை எதோட ஒப்பிட்டாங்கன்னே தெரியல. நோய்த்தடுப்புக்குப் பரிந்துரை சொல்ற அமெரிக்கப் பணிக்குழு 2012ல யாருக்கும் வேண்டாம்னுச்சு, 2018ல 55 முதல் 69 வரைக்கும் பேசி முடிவு பண்ணுங்கன்னு இறங்கி வந்துச்சு.

கோவைக்காரி அம்மா சொன்னதுக்கு: இங்கிலாந்துல 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சுன்னு மூணாப் பிரிச்சு 15 வருஷம் பார்த்தாங்க. மூணு பிரிவுலயும் 97 சதவீதம் பேர் இந்த நோயில சாகல. கண்காணிப்புப் பிரிவுல நோய் பரவினது மத்த பிரிவுகளைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதையும் மறைக்கல. கிளீசன் 6க்கு இன்னைக்கு நான் கத்தியை எடுக்கிறது அபூர்வம்.

குடும்பத்துல அப்பா, அண்ணன் தம்பிக்கு இந்த நோய் இருந்தாலோ, அம்மா வழியிலயோ அப்பா வழியிலயோ சகோதரிகளுக்கோ மார்பகம், சினைப்பைக் கேன்சர் இருந்தாலோ கணக்கே வேற. பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் ஆம்பளைங்களையும் விடாது. அத்தைக்கு மார்பகத்துல வந்ததை யாரும் யூராலஜிஸ்ட்கிட்ட சொல்றதில்ல.

வரப்பு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு 71. அவருக்கு நார்மல்தான், 3.1. மூணு வருஷமா வருஷா வருஷம் எடுக்கிறோம்: 1.3, 1.9, இப்ப 3.1. 'ஹெச்' எதுவும் போடல. சுரப்பி வீக்கத்துக்கு ராத்திரி ஒரு கேப்சூல் போடறார், டாம்சுலோசினும் டுட்டாஸ்டரைடும் சேர்ந்தது, நாலஞ்சு வருஷமா. இதுக்கு ஏதாவது பார்க்கணுமா?

கத்திக்காரன்

வரப்பு, இந்த இழையில எனக்கு வேகமா அடுத்த அடி வைக்கத் தோணுறது செல்வத்தோட அப்பாவுக்கு இல்ல, உங்க அப்பாவுக்கு.

டுட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு ரெண்டும் ஆறு மாசம், ஒரு வருஷத்துல பிஎஸ்ஏவைப் பாதியாக்கிடும். அதனால வர்ற எண்ணை ரெண்டால பெருக்கிப் பார்க்கணும். உங்க 3.1 உண்மையில 6க்கு மேல. அதைவிட முக்கியம், அந்த மாத்திரையில இருக்கிறப்போ எண் கீழயே கிடக்கணும். ஏறவே கூடாது. உங்க அப்பாவுக்கு மூணு வருஷமா ஏறிக்கிட்டே போகுது. மாத்திரையை ஒழுங்காப் போடறாரான்னு கேளுங்க, போடறார்னா தாமதிக்காம ஒரு யூராலஜிஸ்ட்டைப் பாருங்க. மூணு வருஷ ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

ஆய்வகவாசி

இது எங்க பக்கத்து ஓட்டை. சீட்டுல என்ன மாத்திரை சாப்பிடறார்னு எழுத இடமே இல்ல. மெஷினுக்கு 4ஐத் தாண்டினா 'ஹெச்' போடத் தெரியும், அவ்வளவுதான்.

தேரடி செல்வம்

தாமதமா வர்றேன். சொன்னபடி காத்திருந்து, யூரின் கல்ச்சர் சுத்தமா இருக்குன்னு பார்த்துட்டு, நேரா லேபுக்குப் போய்க் கொடுத்தோம். 4.4. ஃப்ரீ பங்கு 26 சதவீதம். விரல் பரிசோதனையில வழவழன்னு இருக்குன்னார் டாக்டர். ஸ்கேன்ல சுரப்பி 55 மில்லி, குரும்பசிட்டியான் அண்ணன் கணக்குப்படி 0.08. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்னுட்டார். அப்பாவுக்கு எல்லாம் சொல்லிட்டேன், "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தே"ன்னார். பேனல் பொண்ணு மட்டும் இன்னும் ஃபோன் பண்ணுது.

வரப்பு

எங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தாச்சு. பைராட்ஸ் 4, இடது பக்கம் வெளி விளிம்புல ஒரு இடம். அடுத்த வாரம் பயாப்ஸி. மலக்குடல் வழியாவா, விதைப்பைக்குப் பின்னாடி தோல் வழியாவான்னு கேட்கிறாங்க. அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை போடறார்.

கத்திக்காரன்

தோல் வழி செய்ய வசதி இருந்தா அதையே கேளுங்க, தொற்று பயம் குறைவு. எம்ஆர்ஐ படத்தை சிடியோட கொண்டு போங்க, அந்த இடத்தைக் குறி வச்சு எடுக்கணும், சும்மா பன்னெண்டு துண்டு மட்டும் எடுத்தாப் போதாது. க்ளோபிடோக்ரெல்லை நீங்களா நிறுத்தாதீங்க. ஸ்டென்ட் எப்போ வச்சாங்கங்கிற தேதியோட இன்னைக்கே இதய டாக்டர்கிட்ட பேசி, நிறுத்தலாமா, எத்தனை நாள்னு எழுதி வாங்கிட்டுப் போங்க. இடம் கிடைக்கலைன்னா ஒரு வாரம் தள்ளிப்போனாலும் இந்த நோய்ல பாதகமில்ல.